மடையும் வழியும்

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலை முறை நினைவுக்கு வருவது இயல்பே. ஆயின், முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டிற் குறிக்கப்பெற்ற ஏரி வாரியத்தை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அறுவர் அடங்கிய அவ்வாரியத்தின் பொறுப்பு ஏரியைப் பேணுதல். ஏரியைக் காப்போர் நீரைத் தலையிற் சுமப்பதில்லை. எம்மடையைத் திறப்பது, எதனை அடைப்பது என்று அறுதியிடுவர். நீர் தானே ஓடும். மாணவர்களே, இக்காலத்துச் செய்திப் போக்குவரத்தின் நுட்பமும் ஏறத்தாழ இதுவே.

என் இளமையில் வெளியூருக்குத் தொலைபேசியிற் பேச விரும்புவோர், 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். நிலையத்தில் இருப்பவர் பலகையிற் கம்பியைச் செருகி இரண்டு ஊர்களையும் இணைப்பார். பேச்சு முடியுமட்டும் அவ்வழி அவ்விருவர்க்கே உரியது. நோயுற்ற என் தமையனாரின் நிலையறிய ஒருநாள் காலை முதல் மாலைவரை காத்திருந்தேன். வழியிலே கம்பி அறுந்துவிட்டது என்றனர். வேறு வழியாக இணைக்க எவராலும் இயலவில்லை.

இன்றோ, செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு பொதியும் முகவரி தாங்கிக் கண்ணாடி இழைகளில் ஒளியாய் விரைகின்றது. வழி தெரிந்தனுப்பும் பணியை வழியிடைக் கருவிகள் தனித்தனியே செய்துவந்தன. அவ்வறிவைப் பிரித்தெடுத்து ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கும் முறை பின்னர் வந்தது. அது வலையமைப்பு முழுவதையும் ஒருங்கே நோக்கி, நெரிசலுற்ற வழியைத் தவிர்த்து, வேண்டுமிடத்துக்குக் கொள்ளளவைக் கூட்டி, வேண்டாதபோது குறைக்கும். 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவையின் நுட்பத்தில், ஒரே வலையமைப்பை ஆம்புலன்சுக்கு ஒரு கூறு, திரைப்படம் காண்போர்க்கு ஒரு கூறு எனப் பகுக்கவும் இடமுண்டு. வாய்க்காற் பங்கீடு அறிந்த உழவர்க்கு இது வியப்பன்று!

ஆயினும், மாற்று வழியே இல்லாதவிடத்து மென்பொருள் என் செய்யும்? ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்க 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர்ப் பாரத்நெட் எனப் பெயர்கொண்ட திட்டத்தில், தொடக்கத்தில் இழைகள் பெரும்பாலும் ஒற்றைக் கோடாகவே சென்றன. சாலைப்பணியில் மண்தோண்டும் இயந்திரம் ஓரிடத்தில் இழையை அறுத்தால், அதற்கப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் தொடர்பிழக்கும். ஆதலின் 2023இல் திருத்தப்பெற்ற திட்டம் வளைய அமைப்பை மேற்கொண்டது. வளையத்தில் ஒருபுறம் அறுந்தால் செய்தி மறுபுறமாகச் சுற்றி வந்துவிடும்.

உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், முதியவள் ஒருத்தி சான்றிதழ் வேண்டி இ-சேவை மையத்தின் வாயிலில் நிற்கிறாள் என்று கொள்வோம். அன்று இழை அறுந்திருப்பின், அவள் தாளுடன் திரும்புவாளா, வெறுங்கையுடன் திரும்புவாளா என்பது அவ்வூர் வரையில் வளையம் கூடியுள்ளதா என்பதைப் பொறுத்தது.