தூண்டிலுக்குள் ஒரு கடிகாரம்

அஞ்சல் தலை சேர்ப்போரை நாம் அறிவோம். மேலை நாடுகளில் பழைய தூண்டில் ரீல்களைச் சேகரிப்போரும் உண்டு. நூல் சுற்றும் சிறு கருவிக்கு இத்தனை மதிப்பா? அதைச் செய்தவர்களின் வரலாற்றைப் படித்தால் விடை கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரக்காரர் வாழ்ந்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படி, பல்சக்கரங்கள் பொருத்தி ரீல் செய்தார். அவருக்குப் பின் வந்த மீக் சகோதரர்களும் கடிகாரக்காரர்களே. எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு உரியது என்று அவர்கள் எண் பொறித்தனர். அந்த எண்களும், தகட்டில் செதுக்கிய பெயருமே இன்று அந்த ரீல்களின் பிறப்புச் சான்றிதழ்!

சுவீடன் நாட்டில் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஆபு நிறுவனம், வாடகைக் கார்களுக்கு மீட்டர் செய்து வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மீட்டர் விற்பனை சரிந்தது. அவர்கள் சோர்ந்து ஆலையை மூடிவிடவில்லை. அதே கைத்திறனை ரீலில் காட்டி உலகப் புகழ் பெற்றனர்.

தொழில் மாறலாம், கற்ற நுணுக்கம் வீணாவதில்லை. தோழியரே, பரணில் கிடக்கும் பழைய கருவியை எறியுமுன், செய்தவர் பெயர் அதில் உண்டா என்று பார்ப்போமா?