நெடுங்கால நிதி கேட்கப் போகிற பிள்ளைக்கு

கண்ணு, அறக்கட்டளை பதிவாகிவிட்டது, பான் அட்டையும் வந்துவிட்டது, இனி பெரிய நிதி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்கிறாய். மாகறலைச் சுற்றியுள்ள நெசவுக் குடும்பங்கள் முன்பணக் கடனிலிருந்து மீள வேண்டும், அவர்கள் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டும் என்பது உன் ஆசை. நல்ல ஆசைதான். காஞ்சிபுரத்துத் தறிகளிலிருந்து பிள்ளைகளை மீட்கும் வேலை நடந்த காலத்தில் நானும் அதில் இருந்தவன். அப்போது நிதி கேட்டு எழுதினேன். பிற்காலத்தில் நிதி கொடுப்பவர்களுக்காக மற்றவர்கள் எழுதியதை வாசித்தும் பார்த்தேன். படிவம் நிரப்பச் சொல்லித்தர இன்று ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன்.

1. தறியைப் பார்த்துவிட்டு எழுது.

'சமூக மாற்றம்' என்ற சொல் இல்லாத விண்ணப்பத்தை நான் கண்டதில்லை. எது, எப்படி மாறும் என்று சொன்ன விண்ணப்பம் அபூர்வம். உனக்கு அதைக் கற்றுக்கொடுக்க நம் ஊர்க் குழித்தறி போதும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரே மூன்றையும் ஓட்டுவது கடினம்; பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கி எறிய வேண்டும். அந்த இடத்தில் பெரியவர் ஒருவரை உட்கார வைத்தால் சேலைக்குக் கிடைக்கும் கூலி இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் பிள்ளை உட்கார்ந்தது. அப்பா தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அது தீரும்வரை பிள்ளை எழுந்திருக்க முடியாது. காது குத்து, காய்ச்சல், தீபாவளி என்று வாங்கிக்கொண்டே இருந்தால் எப்போது தீரும்?

சட்டம் இல்லாமல் இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அந்த இரண்டாவது சட்டத்தில் விலக்கு இருந்தது. நம் தறியோ வீட்டுக்குள் இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது.

ஒரு பையனைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவோம். சில நாளில் அவன் தங்கை அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். இதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் பிள்ளையை விட்டு அம்மாவிடம் போனார்கள். 2002இல் சுவீடன் நாட்டார் ஆதரவோடு காஞ்சிபுரத்தில் வேலையைத் தொடங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு, குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையில்தான் கால் வைத்தது. அப்புறம் மகளிர் குழு, சிறுகடன், கைத்தொழில் என்று விரிந்தது. வீட்டு வருமானம் மாறாமல் பள்ளிப் பையை மட்டும் கொடுத்தால், அந்தப் பை ஆணியில் தொங்கும்.

ஆகவே உன் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் முன்பணம் எப்படிக் கைமாறுகிறது, யார் கொடுக்கிறார், எதற்காக வாங்குகிறார்கள், எந்த மாதத்தில் வாங்குகிறார்கள் என்று எழுது. அதை எழுதத் தெரியவில்லையென்றால் நிதி கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை. போய்த் திண்ணையில் உட்கார்.

2. பணத்தோடு காலத்தையும் கேள்.

ஓராண்டுக்குக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வோம், மறுபடி கேட்போம் என்று நினைக்காதே. ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கப் பத்து ஆண்டு ஆகும். ஓராண்டு நிதி அந்தப் பிள்ளைக்குச் சீருடை வாங்கித் தரும், அவ்வளவுதான்.

நீண்ட காலத்துக்குக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிய நினைத்தவர் நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 96 ஆடு கொடுத்தார். ஆடுகளை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு போகும், குட்டி வரும், மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். எத்தனை ஆடு, யார் பொறுப்பு, எவ்வளவு நெய் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டது. கொடுத்தவர் இறந்த பின்னும் விளக்கு எரிய என்ன தேவை என்று யோசித்துக் கொடுத்த கொடை அது. நன்கொடையாளர் உன்னிடம் "ஏன் ஐந்தாண்டு?" என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல். வெளியுலகமும் இப்போது இந்தப் பக்கம் வருகிறது. ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் தொடங்கிய 'பில்ட்' திட்டத்தில், ஒரு வேலைக்கு என்று கட்டிப்போடாமல், அமைப்பே வலுப்பெறும்படி ஐந்தாண்டு நிதி கொடுத்தார்கள்.

கேட்கும்போது ஆண்டுவாரியாகச் சொல். முதல் ஆண்டில் பெரிய பலன் ஒன்றும் காட்ட முடியாது என்பதையும் சொல். முதல் ஆண்டிலேயே எல்லாம் நடந்துவிடும் என்று எழுதியவரை, வாசிக்கும் இடத்தில் இருந்தபோது நான் நம்பியதில்லை.

3. வேலைக்குப் பணம் தேடு. பணத்துக்கு வேலை தேடாதே.

நமக்குப் பக்கத்திலேயே ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடர் திட்டம் என்றால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை நீட்டலாம். இது பலருக்குத் தெரியாது. கம்பெனிக்காரரே சில நேரம் ஓராண்டுத் திட்டம்தான் கேட்பார். நீ மரியாதையாக எடுத்துச் சொல்.

ஆனால் கண்ணு, அவர்கள் இந்த ஆண்டு கழிப்பறை கட்டுகிறார்கள் என்பதற்காக நீ கழிப்பறை அமைப்பாகிவிடாதே. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அமைப்பு அப்படி ஆண்டுக்கு ஒரு வேடம் போட்டது. மரக்கன்று, தையல் மிஷின், கம்ப்யூட்டர் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. கடைசியில் அவர்கள் எந்த வேலைக்காகத் தொடங்கினார்கள் என்று ஊராருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் நினைவில்லை. அலுவலகத்துச் சுவரில் மட்டும் படங்கள் நிறைய இருந்தன.

4. கணக்கை உன் மானமாக நினை.

மாகறலிலிருந்து சாலையில் கொஞ்சம் போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பார். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்வெட்டு அதில் இருக்கிறது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைத் தேர்வுக்கான குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது. அவனோடு விட்டார்களா? அவன் அப்பா, மகன், மாமனார், மருமகன், மைத்துனன் பெயரையும் எழுதக் கூடாதாம். எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் அந்த மைத்துனனை நினைத்துச் சிரிப்பு வரும். ஆனாலும் பொதுப் பணத்தை நம் முன்னோர் எவ்வளவு கண்டிப்போடு பார்த்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

இன்றைய கண்டிப்பும் குறைவில்லை. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவைக் காலத்தில் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வேண்டுமென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும், மூன்று ஆண்டாவது வேலை செய்திருக்க வேண்டும், அதில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளைக் கணக்குக்கே வரும். 2020 திருத்தத்துக்கு முன் பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கலாம், இப்போது கூடாது. கிராமத்துச் சின்ன அமைப்புகளை இது எப்படி வாட்டியது என்று என்னைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: முதல் மூன்று ஆண்டு உள்ளூர்ப் பணத்தில் நடக்கப் பழகு.

நிர்வாகச் செலவை மறைக்காதே. அந்த 2020 திருத்தம் வெளிநாட்டு நிதியில் அதை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. கணக்கெழுதுபவர் சம்பளத்தைப் 'பயிற்சிச் செலவு' என்ற தலைப்பில் ஒளித்து வைக்கும் பழக்கம் அங்கங்கே உண்டு. முதல் பொய் சின்னதாகத்தான் இருக்கும். தணிக்கையாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார். கணக்கருக்குச் சம்பளம் வேண்டும் என்று நேராகக் கேள். கொடுக்காதவர் கொடுக்க வேண்டாம்.

5. பெருமையைப் பங்கு போடு.

நான் சிறுவயதில் பார்த்தது போலப் பிள்ளைகள் வரிசையாகத் தறியில் உட்கார்ந்திருக்கும் காட்சி இன்று இங்கே இல்லை. யார் மாற்றியது? தொண்டு அமைப்புகளின் அறிக்கைகளைப் படித்தால் ஒவ்வொருவரும் தாங்களே மாற்றியதாக எழுதியிருப்போம். உண்மை அதைவிடப் பெரியது. மாவட்ட அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். ஆசிரியர்கள் வீடுவீடாக அலைந்தார்கள். சத்துணவு இருந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதும், பின்னாலேயே மற்ற கம்பெனிகள் வந்ததும், படித்தால் வேலை உண்டு என்று அப்பாக்களை நினைக்க வைத்தது. விசைத்தறி வந்தது, கைத்தறியே குறைந்தது. அது சந்தோஷப்படும் காரணமில்லை என்றாலும் அதுவும் காரணம்தான்.

நீ உன் பங்கை மட்டும் எழுது. 'இந்த மாற்றத்தில் எங்கள் கை இவ்வளவு' என்று அடக்கமாக எழுதியவரைத்தான், அடுத்த ஐந்தாண்டுக்கும் நம்பலாம் என்று கொடுப்பவர் நினைப்பார். அளந்து சொல்லத் தெரிந்தவனிடம் அளக்காமல் கொடுப்பார்கள்.

6. மறுத்தால் நன்றி சொல்லிக் கடிதம் போடு. காரணம் கேள், வாதாடாதே.

7. உனக்குப் பின் யார் என்று இப்போதே எழுதி வை.

பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். தர்மத்துக்கென்று பெரும் சொத்தை உயிலில் எழுதி வைத்திருந்தார். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் சரியாக இல்லை. பணம் வழக்கிலும் சண்டையிலும் சிக்கியது. நீதிமன்றம் தலையிட்டுத் திட்டம் வகுத்து, சென்னையில் அவர் பெயரில் முதல் பள்ளி திறந்தது 1842இல். இடையில் போனது 48 ஆண்டு. காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் கல்லூரி வாசலைக் கடக்கும்போது அதை நினைத்துக்கொள். நல்ல மனமும் நிறைந்த பணமும் இருந்தும் காவலுக்கு ஆள் இல்லையென்றால் இரண்டு தலைமுறை காத்திருக்க நேரும்.

அறங்காவலர் பட்டியலில் உன் அண்ணனையும் மைத்துனரையும் போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மாற்று. ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணையாவது சேர். உன்னைக் கேள்வி கேட்கத் துணிந்த ஒருவரையும் சேர். நெடுங்கால நிதி கொடுப்பவர் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார்.

8. முடிவையும் எழுது.

வேலை என்றைக்கு உன்னை விட்டுப் போகும் என்று எழுதாத விண்ணப்பம் பாதி விண்ணப்பம். சின்னதாகத் தொடங்கியதை அரசு எடுத்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல், தியாகராயர் காலத்தில், பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார்கள். 1956இல் காமராசர் மாநிலம் முழுதும் கொண்டுபோனபோது ஊரார் நன்கொடையும் அதில் இருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. மகளிர் குழுக்களும் அப்படித்தான்: 1989இல் ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் துணையோடு தருமபுரியில் தொடங்கியது, பின்னாளில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. அரசு எடுத்துக்கொண்டால் பெயர் உன்னுடையதாக இருக்காது. கோபப்படாதே, அதற்காகத்தானே தொடங்கினாய்? கூட்டுறவுச் சங்கம் அவசரக் கடன் கொடுத்து முன்பணத்துக்கு அவசியம் இல்லாமல் செய்துவிட்டால் உன் அலுவலகத்தைப் பூட்டலாம். அந்த நாளை விண்ணப்பத்தில் குறி.

9. அனுப்பும் முன் அந்தக் குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டு.

நீ ஆங்கிலத்தில் எழுதுவாய். நிதி கொடுப்பவர் அந்த மொழியில்தான் கேட்கிறார். முடித்ததும் தமிழில் சொல்லிப் பார். தார் சுற்றிக்கொண்டே அந்த அம்மா கேட்கட்டும். 'பரிதாபத்துக்குரிய, விழிப்புணர்வற்ற பெற்றோர்' என்று நீ எழுதியிருந்தால் அவர் முகத்தைப் பார்த்து அதை வாசிக்க உனக்கு நா எழாது. ஒரு பிள்ளையின் ஜரிகை அறுத்த விரலைப் படம் எடுத்து அட்டையில் போட்டிருந்தால், அந்தப் பிள்ளை நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போதும் அந்தப் படம் எங்கேயோ இருக்கும் என்பதை யோசி. அவர்கள் தலையாட்டாத வரியை அடித்துவிடு. மிச்சம் இருப்பதை அனுப்பு.