உண்ணி பரப்பும் வைரசு நோய்களுக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூட முறைகள்

கறவை மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் கண்டால் கால்நடை மருத்துவர் ஊசி போடுகிறார். உரிய காலத்தில் போட்டால் பெரும்பாலான மாடுகள் தேறிவிடுகின்றன. ஆனால் காட்டோரம் மாடு மேய்ப்பவரை உண்ணி கடித்து வரும் குரங்குக் காய்ச்சலுக்கு இன்றுவரை அத்தகைய ஊசியோ மாத்திரையோ இல்லை. இதன் காரணம் என்ன, மருந்து தேடும் ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது, மருந்து கிடைக்கும்வரை நாம் செய்ய வேண்டியவை எவை என்பதை உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது நலம்.

நோய்களும் அவற்றைப் பரப்பும் உண்ணிகளும்

1957-ஆம் ஆண்டு கர்நாடக மாநிலம் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாக மடிந்தன. அதே சமயம் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். புனே வைரசு ஆய்வு நிலையத்தார் ஆராய்ந்து, இது ஒரு புதிய வைரசு என்றும் உண்ணியால் பரவுவது என்றும் கண்டறிந்தனர். காட்டின் பெயரே நோய்க்கும் வைக்கப்பட்டது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கின்றனர்.

பல ஆண்டுகள் கர்நாடகத்தின் சில மாவட்டங்களோடு நின்றிருந்த இந்நோய் பின்னர் பிற பகுதிகளிலும் தென்பட்டது. 2012-இல் நீலகிரியில் இறந்த குரங்கிலும், 2013-இல் கேரளத்தின் வயநாட்டிலும், அதன்பின் கோவா, மகாராட்டிரப் பகுதிகளிலும் இவ்வைரசு அறியப்பட்டது. ஆகவே கூடலூர், முதுமலை வட்டார உழவர்களுக்கும் இது அயலூர்ச் செய்தி அன்று.

வேறு இரண்டு வைரசுகளையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கிரிமியன்-காங்கோ காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக 2011-இல் குசராத்தில் உறுதி செய்யப்பட்டது. இது உண்ணிக் கடியால் மட்டுமன்றி, வைரசு தொற்றிய கால்நடையின் இரத்தம் படுவதாலும் தொற்றும். எஸ்.எஃப்.டி.எஸ். எனப்படும் காய்ச்சல் 2009-இல் சீனாவில் தென்பட்டு, 2013-இல் ஜப்பானிலும் உறுதியானது.

ஊசி ஏன் இல்லை?

மாடுகளில் உண்ணி பரப்பும் தைலீரியா, பபீசியா நோய்களை உண்டாக்குபவை ஓரணு உயிர்கள். நம் ஊர்களில் பலரும் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் ஸ்கரப் டைபசு, செல்லில் வாழும் பாக்டீரியாவால் வருவது. அதைப் பரப்புவது உண்ணி அன்று, மிகச் சிறிய சிலந்திப் பேன் வகை ஒன்றின் இளம் புழுக்கள். இக்கிருமிகளுக்கெனத் தனி உடலும் உயிர்ச் செயல்களும் உண்டு. அவற்றை மட்டும் தாக்கும் மருந்து காண்பது இயலக்கூடியதே. ஸ்கரப் டைபசுக்கு டாக்சிசைக்ளின் நன்கு கேட்கிறது.

வைரசு அப்படிப்பட்டதன்று. அது நம் உடற்செல்லினுள் புகுந்து, அச்செல்லின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. நெல் வயலில் முளைக்கும் காட்டு நெல்லை எண்ணிப் பாருங்கள். அதைக் கொல்லும் களைக்கொல்லி பெரும்பாலும் பயிர் நெல்லையும் கொன்றுவிடும். வைரசுக்கு மருந்து காண்பதில் உள்ள இடர்ப்பாடும் இதுவே.

ஆய்வுக்கூடத்தில் மருந்தைச் சலித்தெடுக்கும் முறை

இவ்வைரசுகளைச் சாதாரண ஆய்வுக்கூடத்தில் வளர்க்கக் கூடாது. காற்றுகூட வடிகட்டப்பட்டே வெளியேறும் உயர் பாதுகாப்புக் கூடம் தேவை. நான்காம் நிலைப் பாதுகாப்பு கொண்ட அத்தகைய கூடம் 2012-இல் புனே தேசிய வைரசு ஆய்வு நிறுவனத்தில் திறக்கப்பட்டது. சோதனை கீழ்க்கண்ட படிகளில் நடைபெறும்.

1. செல் வளர்ப்பு: குழித்தட்டு நாற்றங்காலில் பயன்படும் தட்டைப் போன்ற, ஆனால் உள்ளங்கை அளவே உள்ள தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். அவற்றில் செல்கள் வளர்க்கப்படும். 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட 'வீரோ' செல்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

2. மருந்தும் வைரசும் இடுதல்: ஒவ்வொரு வரிசையிலும் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து இடுவர். பின் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு வைரசை விடுவர். மருந்து மட்டும் இட்ட குழிகள், வைரசு மட்டும் இட்ட குழிகள், இரண்டும் இடாத குழிகள் ஆகியவை ஒப்பீட்டுக்காக விடப்படும். உரச் சோதனையில் உரமிடாப் பாத்தி விடுவது போன்றதே இது.

3. விளைவைக் காணுதல்: சில நாட்கள் கழித்துச் சாயம் ஏற்றுவர். உயிருள்ள செல்கள் சாயத்தைப் பிடித்துக் கொள்ளும். வைரசு அழித்த குழி வெளுத்திருக்கும். குழியிலுள்ள நீரில் எவ்வளவு வைரசு பெருகியுள்ளது என்பதும் தனியே அளக்கப்படும்.

4. இரு அளவுகளை ஒப்பிடுதல்: வைரசின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு ஒன்று, செல்களில் பாதியைக் கொல்லும் மருந்தளவு மற்றொன்று. எடுத்துக்காட்டாக, முன்னது 2 பங்கு, பின்னது 200 பங்கு எனில் இடைவெளி 100 மடங்கு. இத்தகைய மருந்தை மேலும் ஆராயலாம். முன்னது 2, பின்னது 4 எனில், அம்மருந்து வைரசை அடக்கவில்லை. செல்லையே கொல்கிறது எனக் கொள்ள வேண்டும்.

5. விலங்குச் சோதனை: தட்டில் தேறியவை எலி முதலிய விலங்குகளிலும், அதன்பின் உரிய ஒப்புதலுடன் மனிதரிலும் சோதிக்கப்படும். புதிய பயிர் இரகத்தை முதலில் ஆராய்ச்சிப் பண்ணையிலும், பிறகு உழவர் வயல்களிலும் சோதித்த பின்னரே வெளியிடுகிறோம் அல்லவா? அதே ஒழுங்குதான் இங்கும்.

தட்டில் தேறியவை வீட்டுக்கு வருமா?

2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 6-அசயூரிடின், 2-சி-மெத்தில்சைட்டிடின், இன்டர்பெரான் ஆகிய மூன்றும் குரங்குக் காய்ச்சல் வைரசையும் அதன் உறவு வைரசுகளையும் செல் தட்டில் அடக்கின. ஆனால் குரங்குக் காய்ச்சல் வைரசின் அரேபியக் கிளையான அல்குர்மா வைரசை இரண்டாவது மருந்தின் முன்னிலையில் தொடர்ந்து வளர்த்தபோது, அம்மருந்துக்கு எளிதில் அடங்காத வைரசுகள் தோன்றின. ஒரே பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதால் எதிர்ப்புச் சக்தி பெற்ற புழுக்கள் வருவதை ஒத்தது இது.

என்.ஐ.டி.டி. 008 என்னும் மருந்து டெங்கு வைரசு தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது. உண்ணி பரப்பும் வைரசுகளையும் அது தட்டில் அடக்குவதாக 2016-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் விலங்குகளுக்கு இரண்டு வாரங்கள் கொடுத்தபோது நச்சு விளைவுகள் தென்பட்டதால் அது மனிதருக்குரிய மருந்தாக முன்னேறவில்லை.

வெற்றி கண்ட எடுத்துக்காட்டும் உண்டு. சளிக்காய்ச்சலுக்காக ஜப்பானில் உருவான பேவிபிராவிர், எஸ்.எஃப்.டி.எஸ். வைரசைத் தட்டிலும் எலிகளிலும் அடக்கியது. எலிகளுக்கு மருந்து தொடங்கத் தாமதமான அளவுக்குப் பிழைத்தவை குறைந்தன. நோயாளிகளிடமும் சோதித்த பின் 2024-இல் ஜப்பான் அரசு இம்மருந்தை அந்நோய்க்கு அனுமதித்தது. இந்த அனுமதி எஸ்.எஃப்.டி.எஸ். நோய்க்கே உரியது, குரங்குக் காய்ச்சலுக்கு அன்று. கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளக் கூடாது. எனவே, "வைரசு மருந்து" என்ற பெயரைக் கேட்டு எவரும் கடையில் தாமாக வாங்கி உண்பது தீங்காக முடியும்.

குரங்குக் காய்ச்சலுக்கு 1990 முதல் போடப்பட்டு வந்த தடுப்பூசியும் போதிய பயன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே உண்ணி கடியாமல் காத்துக் கொள்வதும், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவமனைக்குச் செல்வதுமே இன்று நம் கையில் உள்ள காப்பு.

கடைப்பிடிக்க வேண்டியவை

• டிசம்பர் முதல் மே வரை இளம் உண்ணிகள் மிகுந்திருக்கும். இக்காலத்தில் காட்டுக்குள் செல்வோர் முழுக்கைச் சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிந்து, திறந்த பகுதிகளில் சுகாதாரத் துறையினர் தரும் உண்ணி விரட்டித் தைலம் பூச வேண்டும்.

• காட்டுச் சருகைத் தொழுவத்தில் பரப்புவதைத் தவிர்க்கவும். சருகுடன் உண்ணியும் வீடு வந்து சேரும்.

• மாடுகள் இந்நோயால் மடிவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் இரத்தத்தை உறிஞ்சியே பெருகுகின்றன. காட்டில் மேயும் மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் உண்ணி மருந்து தெளித்து வரவும்.

• வீடு திரும்பியதும் உடலைச் சோதித்து, சோப்பிட்டுக் குளிக்கவும். ஒட்டிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவும். விரலால் நசுக்கக் கூடாது.

• இறந்த குரங்கைத் தொடாமல் உடனே வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் தெரிவிக்கவும். அந்த இடத்தைச் சுற்றி மருந்து தூவ அவர்கள் ஏற்பாடு செய்வர்.

• திடீர்க் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி கண்டால் அன்றே மருத்துவரிடம் சென்று, காட்டுக்குச் சென்றதையும் உண்ணி கடித்ததையும் மறவாமல் கூறவும். அது ஸ்கரப் டைபசா, குரங்குக் காய்ச்சலா என்பதை இரத்தச் சோதனையே காட்டும். ஸ்கரப் டைபசு எனில் குணமாக்கும் மருந்து உண்டு. குரங்குக் காய்ச்சல் எனில் உடலின் நீர்ச்சத்தைக் காத்து, இரத்தக் கசிவைக் கவனித்துச் செய்யும் மருத்துவமே உயிர் காக்கும். இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடிய ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உண்ணக் கூடாது.

• காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலும் மனக்குழப்பமும் சிலருக்கு வருவதுண்டு. குணமாகிவிட்டது என்று எண்ணி அப்போது வீட்டில் இருந்துவிடாமல் திரும்பவும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆய்வுக்கூடத்தின் குழித்தட்டில் தொடங்கும் மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை காட்டோர ஊர்களில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் மேற்கண்ட முறைகளைத் தவறாது பின்பற்றி, இந்நோயிலிருந்து தம்மைக் காத்துக் கொள்ள வேண்டும்.