எத்தனை பேரில் எத்தனை பேர்?



"நாங்கள் அனுப்பும் காணிக்கையால் எத்தனை பேர் சுகமானார்கள்?" என்று உங்களில் அநேகர் கேட்டு எழுதுகிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுச் சுகாதாரம் படிக்க வரும் மாணவ மாணவியருக்கு, இது பாதிக் கேள்வி என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்து அதில் எத்தனை பேர் சுகமானார்கள்? வேறு விதமாகச் செய்திருந்தால் எத்தனை பேர் சுகமாகியிருப்பார்கள்? இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி. இந்தப் படிப்புக்கு உயிர்ப்புள்ளியியல் என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் முதல் பாடத்தை நம் பக்கத்து ஊர்க் கதையை வைத்தே சொல்லிவிடலாம்.

கூடுவாஞ்சேரியில் கடற்கரை ரயிலில் ஏறுகிறவர்கள் தாம்பரத்துக்கு அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென்று ஏற்படுத்திய நிலையத்தால் வந்த பெயர் அது. 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நாட்களில் காசநோய்க்குச் சிகிச்சை என்றாலே நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு என்றுதான் பொருள். கட்டில் கிடைத்தவர் பாக்கியவான். நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட்டால் கட்டில்கள் மிகச் சொற்பம்.

பிறகு மாத்திரைகள் வந்தன. உடனே ஒரு கேள்வி எழுந்தது. மருந்துதான் குணமாக்குகிறது என்றால் கட்டில் எதற்கு? ஏழை வீட்டில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்திருப்பவருக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் குணமாகுமா? கூட இருக்கும் பிள்ளைகளுக்கு நோய் தொற்றிவிடாதா? இதற்கு விடை காண 1956இல் சென்னையில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோர்த்து நடத்திய நிலையம் அது. இன்றும் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

யாரை வீட்டில் வைப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது? டாக்டரிடம் விட்டால், மெலிந்து போனவரைப் பார்த்து மனமிரங்கி அவருக்கே கட்டிலைக் கொடுப்பார். நாமும் அப்படித்தான் செய்வோம். ஆனால் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது சானடோரியத்தில் பலவீனர் மிகுந்து, அதற்குக் கெட்ட பெயர் வந்து சேரும். ஆகையால் சீட்டுப் போட்டார்கள். மத்தியாவைத் தெரிந்துகொண்டது போலத்தான். சீட்டு முகம் பாராது. ஏழ்மையும் வயதும் நோயின் கடுமையும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். நமக்குத் தெரியாத வித்தியாசங்கள்கூட அப்படியே பிரியும். சீட்டின் பெரிய நன்மை அதுதான்.

தானியேல் முதலாம் அதிகாரத்தில் பத்து நாள் மரக்கறி உண்டவர்களை ராஜபோஜனம் உண்டவர்களோடு ஒப்பிட்டது உங்கள் நினைவுக்கு வரலாம். ஒப்பிட்டது சரி. ஆனால் அங்கே சீட்டு இல்லை. தானியேலும் தோழரும் தாங்களே முன்வந்தவர்கள். புள்ளியியல் ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார். வேதத்தின் சாட்சிக்கு அதனால் குறைவொன்றும் இல்லை.

ஒவ்வொரு பிரிவிலும் நூறு பேருக்குச் சற்றுக் குறைவு. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் நன்றாகக் கிடைத்தன. எடையும் அவர்களுக்கே அதிகம் கூடியது. ஆனால் வருட முடிவில் சளியில் கிருமி அடங்கினவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86, சானடோரியப் பிரிவில் 92. முடிவுகள் 1959இல் வெளியாயின.

86ஐவிட 92 பெரிதுதானே என்பீர்கள். இங்கேதான் மாணவர்களும் தடுமாறுகிறார்கள். பிரிவுக்கு நூறு பேருக்கும் குறைவு என்றால், ஆறு சதவீதம் என்பது ஐந்தாறு மனிதர்தான். காசைச் சுண்டினால் நூறு தடவையில் சரியாக ஐம்பது தலை விழுவதில்லை. 44 விழும், 55 விழும். அதுபோல இந்த ஐந்தாறு பேரும் சீட்டு விழுந்த விதத்தால் வந்திருக்கலாம். கணக்கிட்டுப் பார்த்தால், சானடோரியம் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு மேலாகவும் இருக்கலாம், வீடே சற்று மேலாகவும் இருக்கலாம். 'இரண்டும் சமம் என்று நிரூபணமாயிற்று' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சற்று மிகை. பெரிய வித்தியாசம் காணப்படவில்லை என்பதே சரியான வார்த்தை.

அதனால் அதோடு நிறுத்தாமல், நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. எங்கள் எண்ணத்தில் 86, 92 என்ற எண்களைக்காட்டிலும் இதுவே பெரிய செய்தி. கட்டில் கிடைத்த சிலருக்கு 92 என்பதும், ஊரிலுள்ள எல்லா நோயாளிகளுக்கும் 86 என்பதும் ஒன்றல்லவே. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. மற்ற தேசங்களும் இதே வழிக்கு வந்தன.

அடுத்த பாடமும் நம் பக்கத்ததே. 1968இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். 2,81,161 பேர். சீட்டு முறைப்படி சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பதினைந்து வருடம் தொடர்ந்து கவனித்த முடிவு 1999இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை. பிள்ளைகளுக்கு 27 சதவீதம். ஆனால் அந்த 27ஐச் சுற்றி, ஒன்றுமில்லை என்பதற்கும் கீழே 8 முதல் மேலே 50 வரை உண்மை எங்கும் இருக்கலாம் என்று எழுதினார்கள். எதிர்பார்த்த பலன் வராததை மறைக்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோமே என்று கேட்கலாம். பச்சிளம் பிள்ளைகளின் மூளையுறைக் காசநோயை அது தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால்தான் போடுகிறோம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள்.

இன்னும் ஒன்று. சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் எந்த மருத்துவமனையும் நூற்றுக்கு நூறு காட்டலாம். போனவர்களில் பலர் வேலை தேடி ஊர் மாறினவர்கள், மருந்தின் வேதனை தாளாதவர்கள், சிலர் மரித்தும் போனவர்கள். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பன் கதை தெரிந்த நாம், அந்த ஒன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். எங்கள் மருத்துவமனையின் காசநோய்க் கணக்கை நீங்கள் கேட்டு எழுதினால் நான்கு எண்கள் அனுப்புவோம். சிகிச்சை தொடங்கினவர், முடித்தவர், மரித்தவர், இருக்குமிடம் தெரியாதவர். பின்னுள்ள மூன்றையும், இன்னும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவரையும் கூட்டினால் முதல் எண் வரவேண்டும். வராவிட்டால் எங்களைக் கேளுங்கள்.