மாரிகாலத்தில் தாழ்வாரத்தில் மல்லியிலை வளர்த்தல்

தெமோதரையிலும் அதனையடுத்த தோட்டப் பகுதிகளிலும் ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழையே ஆண்டின் பெருமழையாகும். நெல் வயலுக்கு அது வரம். திறந்த பாத்தியில் விதைத்த மல்லி, செலரி போன்ற இலைப்பயிர்களுக்கோ அதனினும் பெரிய பகை இல்லை. காசு கொடுத்து வாங்கிய விதை ஒரே இரவு மழையில் மண்ணோடு சரிவில் ஓடிவிடும்; எஞ்சியது ஈரத்தில் அழுகும். ஆனால், இதே மாதங்களின் குளிர்தான் மல்லியிலைக்கு மிகவும் உகந்தது. வெப்பம் மிகுந்தால் அது இலைவிடுவதைக் குறைத்து விரைவிற் பூத்துவிடும். ஆகவே குளிரை வைத்துக்கொண்டு மழையை மாத்திரம் விலக்க வேண்டும். இதற்கு ஒரு பெட்டியும் வீட்டு இஸ்தோப்புமே போதுமானவை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். நாற்றுக்குக் கதகதப்பு வேண்டுமென எண்ணிச் சமையலறையில் வைக்கின்றனர். ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள இவ்விடத்தில் மார்கழி இரவுக் குளிர் மல்லிக்குத் தீங்கு செய்யாது. இருட்டும் அடுப்புப் புகையுமே தீங்கு செய்யும். மார்கழியில் நடுப்பகற் சூரியன் எமது தலைக்கு நேரே நில்லாது, ஏறக்குறைய 30 பாகை தெற்கே சாய்ந்து நிற்கிறது. எனவே மேகம் விலகும் சிறு பொழுதிலும் தெற்குப் பார்த்த இஸ்தோப்பில் வெயில் விழும். வடகிழக்கிலிருந்து அடிக்கும் சாரலும் அங்கே குறைவு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய லயங்களில் ஒரு வரிசைக்குத் தெற்கு வாய்த்தால் மற்றதற்கு வாய்ப்பதில்லை. அத்தகையோர் லயத்தின் கோடிச் சுவரோரம் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்துக் கூரையாக்கிக் கொள்ளலாம். பெட்டிக்குப் பின்னாற் சுவருக்கு வெள்ளையடித்தாலும், வெள்ளைக் காகிதம் ஒட்டினாலும் வெளிச்சம் கூடும். நாற்று ஒரு பக்கமாகச் சாயாதிருக்க நாள்தோறும் பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும்.

முன்னாளில் தேயிலைப் பலகைப் பெட்டிகள் இதற்கு வாய்ப்பாயிருந்தன. இக்காலத்தில் தேயிலை காகிதப் பைகளிற் செல்வதால், எண்ணெய்த் தகரம், பழைய வாளி என எதுவும் ஆகும். மல்லியின் ஆணிவேர் ஆழமாக இறங்குமாதலால் 8 அங்குல ஆழம் வேண்டும். அடியில் துளைகள் அவசியம்.

தேயிலை மலை மண்ணை அள்ளி நிரப்பலாகாது. அது புளிப்பு மண். தேயிலைக்கு நன்று, மல்லிக்கு ஆகாது. களைநாசினி தெளித்த மண்ணாகவும் இருக்கலாம். தோட்டத்து மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து, புரட்டாதி வெயில் இருக்கும்போதே காயவைத்து மூடி வையுங்கள். மழை முந்திவிட்டால், கலவையின்மீது கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

கடையிற் சமையலுக்கு விற்கும் மல்லி பழையதாயிருந்தால் முளைக்காது. 20 கொட்டைகளை ஈரத்துணியிற் சுற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்திற் பாதியேனும் முளைக்காவிடின் அது இரசத்துக்கே உரியது. ஒவ்வொரு கொட்டையிலும் இரண்டு விதைகள் உள. போத்தலை மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். 10 முதல் 15 நாளில் முளை தோன்றும். செலரி விதை தூளைப் போன்றது. அதை மண்ணாற் புதைக்கலாகாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, கையால் அமர்த்திவிட்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். புதினாவுக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. வேருள்ள தண்டொன்றை அயலாரிடம் கேட்டு வாங்கி நட்டாலே படரும்.

மாரியில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் அன்பு மிகுந்த கையே. பனிமூட்டமுள்ள நாட்களில் மண் காய்வதில்லை. விரலால் தொட்டு, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும், காலையில் நீர் தெளிக்க வேண்டும். மாலையில் தெளித்தால் இரவு முழுவதும் ஈரம் தங்கும். தண்டு மண்ணோடு சேருமிடத்தில் நூல்போல் மெலிந்து நாற்றுச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோயாகும். சாய்ந்தது பிழைக்காது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றி, நெருக்கமானவற்றைக் களைந்து, இரண்டொரு நாள் நீரை நிறுத்துங்கள். நோயைவிடக் கோழிகளால் நேரும் அழிவே அதிகமென்பாரும் உளர். பெட்டியின்மேல் ஒரு கம்பிவலை போடுவது நன்று.

விதைத்த ஆறேழு வாரத்தில் மல்லியின் வெளியிலைகளைக் கிள்ளலாம், நடுக்குருத்தைத் தொடலாகாது. மூன்று வாரத்துக்கொரு பெட்டி விதைத்து வந்தால், சந்தையில் இலை அரிதாயிருக்கும் மழை மாதங்களிலும் கையிலிருக்கும். மல்லியைப் பிடுங்கி நடுவது வீண். செலரியையோ ஐந்து இலை விட்டபின், மழை ஓயும் தை இறுதியிற் பாத்திக்கு மாற்றலாம். மாற்றுமுன் ஒரு வாரம் பெட்டியைப் பகலில் வெளியே வைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். தக்காளி, கறிமிளகாய் நாற்றுக்களையும் இதே முறையில் இஸ்தோப்பில் எழுப்பலாம். அவற்றுக்கு 4 அங்குல ஆழமுள்ள தட்டே போதும்.