தலைப்பிரசவத்துக்கு எந்த மருத்துவமனை?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அநேகமாக மறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது எந்த மருத்துவமனை என்பதை மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தனியார் நர்சிங் ஹோம் ஆகிய நான்கும் பெரும்பாலான ஊர்களிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மருமகளுக்கு அங்கே நல்லபடியாகப் பிறந்தது, அறையில் ஏ.சி. உண்டு, அந்த டாக்டரம்மாவுக்குக் கைராசி என்பன போன்ற காரணங்களால்தான் வழக்கத்தில் இந்தத் தேர்வு நடக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டியவை இரண்டு: கர்ப்பிணியின் உடல்நிலை என்ன, நள்ளிரவில் நிலைமை மோசமானால் அந்த மருத்துவமனையால் என்ன செய்ய முடியும்.

உடல்நிலையைத் தெரிந்துகொள்ள முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து பரிசோதனைகளைத் தொடங்க வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் கடுமையானது. ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் கவனம் தேவை. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றில் வராதவர்களுக்கும் செய்யக்கூடிய இந்த எளிய முறையைப் பரவலாக்கியதில் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதைக் கோப்பின் முகப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, குழந்தையின் தலை கீழ்நோக்கித் திரும்பியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் நல்ல தேர்வு. செவிலியர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் முறை வைத்துப் பணியில் இருப்பார்கள். சுகப்பிரசவம் அவர்களுக்குக் கைவந்த வேலை. வீட்டுக்கு அருகிலேயே இருப்பதும், மாதந்தோறும் பார்த்த அதே முகங்கள் பிரசவ நேரத்திலும் இருப்பதும் தலைப்பிரசவக்காரிக்குப் பெரிய தைரியம். ஆனால் பெரும்பாலான நிலையங்களில் அறுவை சிகிச்சை கிடையாது, ரத்த வங்கி கிடையாது. அங்கே பிரசவம் பார்ப்பதென்று முடிவெடுக்கும் குடும்பம், தேவைப்பட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், 108 வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் கரு, கடுமையான ரத்தசோகை, குழந்தை குறுக்காகவோ புட்டம் கீழாகவோ இருத்தல், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் சீமாங் மையம் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போவதே சரி. அவசர பிரசவ, பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கென அமைந்த மையங்கள் இவை. மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு நான்கும் ஒரே வளாகத்தில் இருக்கும். இதய நோய், வலிப்பு, சிறுநீரகக் கோளாறு போன்று வேறு துறை மருத்துவர்களும் தேவைப்படும் நிலையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே மேல். சென்னை எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையும் இந்த வகை. கூட்டம் அதிகம், படுக்கை நெருக்கம், பேச்சில் சில நேரம் கடுமை என்பவை உண்மைதான். ஆனால் சிக்கலான பிரசவங்களை நாள்தோறும் பார்க்கும் கைகளின் அனுபவம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காவிட்டால் ஒரு பெண்ணின் உயிர் இரண்டு மணி நேரத்துக்குள்கூடப் போய்விடலாம். இந்த ரத்தப்போக்கு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால்தான் குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடாசின் ஊசி எல்லோருக்கும் போடப்படுகிறது. இந்த ஊசிக்கும் அடங்காத ரத்தப்போக்கை ரத்தமும் அறுவை அரங்கும்தான் நிறுத்தும், கைராசி நிறுத்தாது.

தனியார் மருத்துவமனையின் வசதிகள் மெய்யானவை: தனியறை, பழகிய மருத்துவர், கணவரும் உடனிருக்க வாய்ப்பு, சில இடங்களில் முதுகுத்தண்டு ஊசி மூலம் வலி குறைக்கும் ஏற்பாடு. ஆனால் பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. மயக்க மருந்து நிபுணர் அங்கேயே இருப்பவரா, கூப்பிட்டால் வருபவரா? ரத்தம் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரத்தில்? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இங்கேயே பார்ப்பார்களா, வேறிடம் கொண்டுபோக வேண்டுமா? இரவில் பணி மருத்துவர் யார்? சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, குழந்தையின் கட்டணம் அதில் சேர்ந்ததா? இவற்றை ஏழாம் மாதத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவாகாது. தெளிவாகப் பதில் சொல்லும் மருத்துவமனையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு இருந்தால் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல பாலிசிகளில் உண்டு.

மேற்சொன்ன ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறத்தாழ 64 விழுக்காடும் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 விழுக்காடும் சிசேரியன். தேவையான நேரத்தில் அது உயிர் காக்கும் சிகிச்சை. அதை எண்ணி எந்தத் தாயும் குன்றிப்போக வேண்டியதில்லை. தேவையில்லாத நேரத்தில் மட்டுமே அது கூடாது. வயிற்றில் ஒரு தழும்பு விழுந்தால் அடுத்த பிரசவத்தின் கணக்கே மாறும். அடுத்தடுத்த சிசேரியன்களில் நஞ்சுக்கொடி தழும்போடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். நட்சத்திரம் பார்த்து நாள் குறித்து எடுக்கும் வழக்கம் வேதனைக்குரியது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் நிறைவதற்கு முன்பே எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுச் சிரமம் வரும் வாய்ப்பு அதிகம். சிசேரியன் என்று சொல்லப்பட்டால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை.

பணத்தைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், உணவு, வீடு திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கும். எங்கே பிரசவித்தாலும் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பெற அது கேட்கப்படும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவதுதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். ஏழு மாதம் ஓரிடத்தில் பார்த்த மருத்துவரை விட்டு, கடைசி இரண்டு மாதம் இன்னோர் ஊரில் புதிய மருத்துவரிடம் கர்ப்பிணி போகிறாள். ஸ்கேன் அறிக்கைகள், தாய்சேய் நல அட்டை, மருந்துச் சீட்டுகள் அனைத்தும் அவளுடனே போக வேண்டும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள கிராம செவிலியரிடம் சொல்லிவிட்டு, பிரசவ மருத்துவமனைக்கும் ஒரு முறை போய் வர வேண்டும். வலி எடுத்த பிறகு வாசலைத் தேடக் கூடாது.

தலைப்பிரசவத்தில் பொய்வலி வந்து போவதுண்டு. வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் விடாமல் தொடர்ந்தால் கிளம்பலாம். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம். தாமதம் என்று பதற வேண்டாம். பனிக்குடம் உடைதல், ரத்தம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல், கடுந்தலைவலியோடு கண் மங்குதல் ஆகியவற்றுக்கு வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். அரசு மருத்துவமனையிலும் பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கிறார்கள். பதற்றப்படுபவரை விட, பிரசவம் கண்டு அமைதியாக நிற்கத் தெரிந்த அத்தையோ அக்காவோ துணைக்கு ஏற்றவர்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும்; சிசேரியனானாலும் உதவியோடு முடியும். மஞ்சளாக முதலில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவுதான், குழந்தைக்கு அது போதும். சேனை தொடுவது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது இரண்டுமே தொற்றுக்கு வழி. ஆறு மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை. மாறாக, தாய்க்குப் பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது அவளை வாட்டும். பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பசியும் தாகமும் அதிகம். மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே மாறும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மை, வெறுமை, குழந்தையிடம் ஒட்டாமை நீடித்தால் அது நோய். மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது நல்லது. அதற்குள் குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு, முதல் 24 மணி நேரத்துக்குரிய மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்றும் போடப்பட்டிருக்க வேண்டும். வீடு திரும்பிய பின் 42 நாள் வரை காய்ச்சல், நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனையும் ரத்தப்போக்கு, கெட்ட நாற்றம், காலில் ஒரு பக்க வீக்கம் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்.