பளபளக்கும் நட்டு ஏன் வெளுக்கிறது?

மாணவர்களே, ஈப்போவில் கார் கழுவும் கடைப் பக்கம் போனால், ஸ்போர்ட்ஸ் ரிம் பூட்டிய கார்களை உற்றுப் பாருங்கள். சில கார்களில் ரிம் மின்னும். அதைப் பிடித்திருக்கும் அலுமினிய நட்டுகள் மட்டும் பால் சிந்தியதுபோல் வெளுத்திருக்கும். இது துரு அன்று. துரு இரும்புக்கு உரியது.

அலுமினியம் காற்று பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து, தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதுவே அதன் கவசம். அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி இப்படலத்தைத் தடிப்பாக்கலாம். இம்முறைக்கு அனோடைசிங் என்று பெயர். 1960களில் போர்ஷே 911 காருக்கு வந்த புகழ்பெற்ற ஃபுக்ஸ் ரிம்கள் இவ்வாறு பாதுகாக்கப்பட்டவையே.

ஆனால் இக்கவசத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அலுமினிய ஆக்சைடு ஈரியல்பு கொண்டது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். மதிப்பு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருந்தால்தான் அது நிலைக்கும். பிரேக்கிலிருந்து வரும் கருந்தூளை நொடியில் நீக்கும் சில திரவங்கள் கடும் அமிலம். வேறு சில கடும் காரம். சூடான சக்கரத்தில் தெளித்தால் வினை வேகமாகும். நீர் ஆவியாகி, மீந்த திரவம் இன்னும் அடர்த்தியாகும்.

தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். ரப்பர் பாலை உறைய வைக்க பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அலுமினியத் தட்டுகளில்கூட அப்பாலை உறைய வைத்தார்கள். தட்டு ஏன் அரிக்கவில்லை? அமிலத்தை நிறைய நீரில் கலந்தே ஊற்றினார்கள். உறையும் பாலின் பி.எச். மதிப்பு 5-ஐ ஒட்டியே இருக்கும். அமிலத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அதன் அடர்த்தியையும் பார்க்க வேண்டும்.

குரோமியம் பூசிய எஃகு நட்டின் கதை வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தைக் கரைக்கும். பூச்சு போனால் உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும்.

கெட்டதைச் சீராக்க முடியுமா? மேலே வெளுத்த அலுமினிய நட்டின் பழைய படலத்தைப் பட்டறையில் நீக்கி, மெருகேற்றி, மீண்டும் அனோடைசிங் செய்வார்கள். வெறுமனே தேய்த்துப் பளபளப்பாக்கினால் தடித்த கவசமும் சேர்ந்து போய்விடும். மரையோ, ரிம்மில் பதியும் முகப்போ அரித்திருந்தால் நட்டை மாற்றுவதே சரி. சக்கரத்தைத் தாங்குவது அதுதானே!

வருமுன் காப்பது எளிது. சக்கரம் ஆறிய பிறகு நடுநிலையான கார் ஷாம்பு, மென்மையான தூரிகை, நிறைய நீர், கடைசியில் உலர்ந்த துணி. அமிலத் திரவத்தோடு குளோரின் கலந்த வெளுப்பானைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

செய்து பாருங்கள்: சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்து, ஆறிய நீல நீரை மூன்று கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, அடுத்ததில் துணி துவைக்கும் சோப்புக் கரைசல், மூன்றாவதில் நிறமற்ற கார் ஷாம்பு சில துளி விடுங்கள். அமிலம் ஊதாவாக்கும், காரம் பச்சையாக்கும். கடும் திரவங்களை இச்சோதனைக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டு ஷாம்பு என்ன நிறம் காட்டியது? அது ரிம்முக்கு ஏற்றதா? காரணத்தோடு எழுதுங்கள்.